மூணு ரிங் விட்டா அவசரம்

2025 ஆகஸ்ட்ல ஒரு செவ்வாய்க்கிழமை. ஹிஞ்சேவாடி ஆபீஸ்ல மத்தியானம் ரெண்டரை மணி மீட்டிங். அம்மாகிட்ட இருந்து போன். கட் பண்ணினேன். திரும்ப அடிச்சது. திரும்பக் கட் பண்ணினேன். மூணாவது தடவை அடிச்சதும் எழுந்து வெளிய வந்துட்டேன். எங்க அம்மா, ஒரு தடவை நான் கட் பண்ணிட்டா ராத்திரி வரைக்கும் கூப்பிடமாட்டாங்க.

"ஏட்டி, அப்பாவ போலீஸ் புடிச்சு வச்சிருக்காம். ஆனா அப்பா பேங்க்ல தான் உக்காந்திருக்காகளாம்."

இதுக்கு நான் என்ன பதில் சொல்ல, நீங்களே சொல்லுங்க.

மேட்டருக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன கொசுவத்தி. 2004ல வேலை கிடைச்சு கோவில்பட்டில இருந்து புனே வந்தேன். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல ஒன்றரை நாள் பிரயாணம், பைல ரெண்டு கிலோ கடலை மிட்டாய். ஔந்த்ல நாலு பொண்ணுங்களோட பேயிங் கெஸ்ட். தெருமுனைல மஞ்சள் போர்டு எஸ்டிடி பூத். உள்ள நின்னு பேசும்போது கண்ணு முழுக்க அந்த மீட்டர்ல ஓடற சிவப்பு நம்பர் மேல தான் இருக்கும். அம்மா அழறது கூட காதுல விழாது. அப்பா ஒரு வழி கண்டுபிடிச்சார். ரெண்டு ரிங் விட்டு வச்சா பத்திரமா ரூமுக்கு வந்தாச்சு. மூணு ரிங் விட்டு வச்சா அவசரம், அவர் உடனே கூப்பிடுவார். காசே செலவில்லாத தந்தி!

மூணு ரிங் நான் ஒரே ஒரு தடவை தான் விட்டேன். டைபாய்டு வந்து படுத்திருந்தப்ப. அப்பா அன்னிக்கு ராத்திரியே கிளம்பி, ரிசர்வேஷன் இல்லாம நின்னுட்டே வந்து, மூணாவது நாள் காலைல ரசப்பொடி டப்பாவோட வாசல்ல நின்னார். ஏன் சொல்லல, எதுக்கு ஹோட்டல்ல சாப்பிட்டேன்னு ஒரு வார்த்தை கேக்கல. கஞ்சி வச்சுக் குடுத்தார், அவ்வளவு தான்.

அது அப்படியே இருக்கட்டும். 2017ல அவருக்கு முதல் ஸ்மார்ட்போன் வாங்கிக் குடுத்தேன். எப்படிக் குடுத்தேன்னு சொன்னா தான் உங்களுக்குப் புரியும், ஏன்னா நீங்களும் அப்படித்தான் குடுத்திருப்பீங்க. தீபாவளி லீவு முடிஞ்சு கிளம்பற நாள். ஆட்டோ வாசல்ல நிக்குது. நான் டகடகன்னு என் கையாலயே எல்லாத்தையும் போட்டேன். கூகுள் அக்கவுன்ட்டுக்கு என் நம்பர், பாஸ்வேர்டு என் பிள்ளையோட பேரும் பிறந்த வருஷமும். வாட்ஸப் போட்டு, குடும்ப குரூப்ல சேர்த்து, "பச்சைய அமுக்கினா பேசலாம், சிவப்ப அமுக்கினா கட் ஆகும், மத்தது எதையும் தொடாதீங்க"ன்னு சொல்லிட்டு ஆட்டோல ஏறிட்டேன். முப்பத்தஞ்சு வருஷம் தமிழ் வாத்தியாரா இருந்த மனுஷனுக்கு நான் நடத்தின பாடம் மொத்தமே பத்து நிமிஷம்.

அதுக்கப்புறம் போன்ல சந்தேகம் கேப்பார். "ஏம்மா, படம் எல்லாம் எங்க போச்சு?" "அப்பா, கேலரில இருக்கும்." "கேலரி எங்க இருக்கு?" "அய்யோ அப்பா, எத்தன தடவ சொல்றது!" கொஞ்ச நாள்ல சந்தேகம் கேக்கறது குறைஞ்சது. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அப்பா கத்துக்கிட்டார்னு நினைச்சேன்.

2023ல பழைய ஃப்ரிட்ஜ விக்கறதுக்கு ஆன்லைன்ல விளம்பரம் குடுத்தார். ராணுவத்துல இருக்கேன்னு ஒருத்தன் பேசினான். பேரமே பேசாம சரின்னான். (இங்கயே சந்தேகம் வந்திருக்கணும். கோவில்பட்டில பேரம் பேசாம பழைய ஃப்ரிட்ஜ் வாங்கற ஆள் உண்டா?) யூபிஐல ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பி, "பின் நம்பர் போடுங்க சார், பணம் வந்திரும்"னான். அப்பா போட்டார். பணம் போயிருச்சு. ஆறாயிரம் ரூபாய்.

அன்னிக்கு நான் இருபது நிமிஷம் கத்தினேன். "வாத்தியாரா இருந்துட்டு இப்படியாப்பா ஏமாறுவீங்க?"ன்னு கேட்டேன். அந்த ஒரு வரிய இப்ப எழுதும்போது கூட கை கூசுது. அப்பா ஒண்ணுமே சொல்லல. "சரிம்மா, வச்சிருதேன்"னார்.

இப்ப செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். காலைல பத்து மணிக்கு ஒரு போன். உங்க பேர்ல வெளிநாட்டுக்குப் போற பார்சல்ல போதைப்பொருள் இருக்கு, உங்க ஆதார் நம்பர் அதுல இருக்குன்னு. அப்புறம் வீடியோ கால். போலீஸ் யூனிஃபார்ம், பின்னாடி கொடி, மேஜைல ஃபைல். உங்கள டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணிருக்கோம், கேமராவ அணைக்கக் கூடாது, யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சொன்னா அவங்களும் கேஸ்ல சேருவாங்க. நாலு மணி நேரம் அப்பா அந்த ரூம்லயே உக்காந்திருந்தார். அம்மா காபி கொண்டு போனப்ப, பென்ஷன் விஷயமா பேசறேன்னு கையக் காட்டி அனுப்பிட்டார். ஒன்றரை மணிக்கு, பேங்க்குக்குப் போய் ஃபிக்சட் டெபாசிட்ட உடைச்சு, 'சரிபார்க்கறதுக்காக' ஒரு அக்கவுன்ட்டுக்கு அனுப்பச் சொன்னாங்க. பதினோரு லட்சம். அவரோட ரிட்டையர்மென்ட் காசு, மிச்சம் இருந்தது முழுசும்.

சட்டைப் பைல போன நிமித்தி வச்சு, கேமரா மட்டும் வெளிய எட்டிப் பாக்கற மாதிரி போயிருக்கார். கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு, "எதுக்கு சார் இப்ப உடைக்கறீங்க?"ன்னு கேட்டிருக்கு. "மகளுக்கு வீடு வாங்க"ன்னார். அது அந்தப் பையைப் பாத்திருக்கு, முகத்தப் பாத்திருக்கு. ஒரு சலான்ல எழுதி அவர் பக்கமாத் திருப்பி வச்சிருக்கு: 'சார், யாராவது மிறட்டுறாங்களா?'

எங்க அப்பா பதில் சொல்லல. பேனாவ வாங்கி அந்த 'ற'வ அடிச்சு 'ர' போட்டார். அப்புறம் தலைய ஆட்டினார்.

அந்தப் பொண்ணு கைய நீட்டி, பைல இருந்து போன எடுத்து, கால கட் பண்ணி, ஆஃப் பண்ணிருச்சு. அக்கவுன்ட்ல இருந்த அம்மா நம்பருக்குக் கூப்பிட்டதும் அது தான். அதோட பேர இங்க போடல, ஆனா எங்க வீட்டு சாமி ரூம்ல விளக்கு ஏத்தும்போது அம்மா ஒரு தடவை சொல்லிக்கறாங்க.

நான் மறுநாள் சென்னை வழியா மதுரைக்கு ஃப்ளைட் பிடிச்சு, அங்க இருந்து பஸ்ல போய் இறங்கினேன். வழியெல்லாம், கத்தக் கூடாது கத்தக் கூடாதுன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். வீட்டுக்குப் போய் ஒரே ஒரு கேள்வி தான் கேட்டேன். "ஏம்ப்பா எனக்கு ஒரு போன் பண்ணல?"

"நீ சத்தம் போடுவேன்னு நெனச்சேம்மா."

போலீஸ்காரனுக்குப் பயந்தது பாதி. எனக்குப் பயந்தது மீதி. நாலு மணி நேரம் அந்த ரூம்ல இருந்து வெளிய வராததுக்கு என் பங்கும் இருக்கு. இத ரங்கமணிகிட்ட சொன்னப்ப, "ஓவரா யோசிக்காத"ன்னார். நான் சரியாத்தான் யோசிச்சிருக்கேன்னு இப்பவும் நினைக்கிறேன்.

நாலு நாள் இருந்தேன். அந்த நாலு நாள்ல என்ன பண்ணினோம்னு எழுதறேன். இதப் படிக்கிற பாதிப் பேருக்கு அப்பா அம்மா ஊர்ல, நாம பெங்களூர்லயோ மும்பைலயோ டெல்லிலயோ. அடுத்த லீவுக்குப் போகும்போது பயன்படலாம்.

முதல் விதி, அப்பா போன நான் தொடறதில்ல. கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கணும். எது செய்யணும்னாலும் அவர் விரல் தான் அமுக்கணும். நம்ம விரல் செஞ்சா அவர் மூளைக்கு அது போய்ச் சேராது. கேக்கறதுக்கு சுலபம், செஞ்சு பாருங்க, பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருக்கணும். முதல் நாள், எழுத்து அளவப் பெருசாக்கறதுக்கு மட்டும் இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. ஆனா மூணாவது நாள் அம்மா போன்ல அவரே அதப் பண்ணிக் குடுத்தார்!

ரெண்டாவது, எண்பது பக்க நோட்டு ஒண்ணு. அவர் கையெழுத்துல, அவர் வார்த்தைல எழுதணும். போன் மொழிய நான் ஏற்கனவே தமிழுக்கு மாத்தி வச்சிருந்தேன், தமிழ் வாத்தியாருக்குப் பிடிக்கும்னு. அவருக்கு அது சுத்தமாப் பிடிக்கல. 'அமைப்புகள்'னா சங்கமா கட்சியான்னு கேட்டார். தவிர, நான் புனேல இருந்து "செட்டிங்ஸ்"னா அவர் அங்க 'அமைப்புகள்'ல தேடணும். அதனால படத்துக்கு நாங்களே பேர் வச்சோம். செட்டிங்ஸ் பல்சக்கரம். மேல வர்ற மூணு புள்ளி அடுப்புக்கல்லு. ஷேர் பண்றது கவட்டை. இப்ப போன்ல "பல்சக்கரத்துக்குப் போங்கப்பா"ன்னா நேரா போயிடறார். உங்க வீட்டுக்கு உங்க பேர வச்சுக்கோங்க.

அம்மாவுக்கு டைப் அடிக்க வராது. ஜிபோர்டு கீபோர்டுல தமிழச் சேர்த்து, மைக்க அமுக்கிப் பேசினா அதுவே எழுதும்னு காட்டினேன். ஆரம்பத்துல "வாரேன்"ன 'வாரணம்'னு எழுதி, அப்பா விழுந்து விழுந்து சிரிச்சார். எனக்கு என்னமோ பண்ணிச்சு. இ-கலப்பை போட்டு, ஃபான்ட் இல்லாம கட்டம் கட்டமாத் தெரிஞ்சு, ஒரு பக்கம் தமிழ் அடிக்க ஒரு மணி நேரம் ஆன காலத்து ஆளுங்க நாம. அம்மா பாட்டுக்கு அடுப்பங்கரைல நின்னுட்டு "பாப்பா சாப்ட்டாளா"ன்னு கேக்கறாங்க, அது எழுத்தா எனக்கு வந்து சேருது.

வாட்ஸப்ல நாலு வேலை. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்ல ஆறு இலக்க பின் போட்டாச்சு. எஸ்எம்எஸ்ல வர்ற கோட யாருக்காவது தவறிப் போய்ச் சொல்லிட்டாலும், இந்த பின் இல்லாம அவங்க நம்ம வாட்ஸப்ப வேற போன்ல திறக்க முடியாது. குரூப்ல யார் சேர்க்கலாம்ங்கற இடத்துல, போன்ல நம்பர் இருக்கறவங்க மட்டும்னு மாத்தியாச்சு. பங்குச் சந்தை டிப்ஸ்னு மூணு குரூப்ல அப்பா இருந்தார், யார் சேர்த்தாங்கன்னே தெரியல. தெரியாத நம்பர்ல இருந்து வாட்ஸப் கால் வந்தா அடிக்காம இருக்கவும் ஒரு வசதி இருக்கு, ப்ரைவசில போய் கால்ஸ்ல. இது வாட்ஸப் காலுக்கு மட்டும் தான், சாதாரண போனுக்கு இல்ல. கேஸ் சிலிண்டர் பையன் கூப்பிட்டா வழக்கம் போல அடிக்கும். நாலாவது, படம் தானா இறங்கறத நிறுத்தினது. மூவாயிரத்துச் சொச்சம் ரோஜாப்பூ குட்மார்னிங்க அழிச்சோம். போனே லேசான மாதிரி இருந்தது.

கல்யாணப் பத்திரிகைன்னு வாட்ஸப்ல ஒரு ஃபைல் வருது பாருங்க, பேரு கடைசில ஏபிகேன்னு முடியும். அது பத்திரிகை இல்ல, ஆப். போட்டா நம்ம எஸ்எம்எஸ், ஓடிபி எல்லாம் எவனோ படிப்பான். ப்ளே ஸ்டோர் தவிர வேற எங்க இருந்தும் ஆப் போட விடாத மாதிரி செட்டிங்ஸ்ல 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்'ல எல்லாத்தையும் அணைச்சு வச்சோம். அப்பா நோட்டுல எழுதினது இது: 'பத்திரிகை என்றால் படமாக வரும். இல்லையேல் வீட்டுக்கு வந்து தாம்பூலத்தட்டில் வைத்துக் கொடுக்கட்டும்.'

பணம். இதுல தான் கொஞ்சம் வாக்குவாதம். யூபிஐயே வேண்டாம்னார் அப்பா. பால்காரர்ல இருந்து மருந்துக்கடை வரைக்கும் க்யூஆர் அட்டை தான், எடுத்துட்டா அம்மாவுக்குத் தான் கஷ்டம். அதனால பென்ஷன் வர்ற அக்கவுன்ட்ட யூபிஐல இருந்து எடுத்துட்டு, வேற ஒரு சின்ன அக்கவுன்ட்ட இணைச்சோம். மாசம் அஞ்சாயிரம் அதுல இருக்கும். போனாலும் அதோட போகும். டெபாசிட்ட ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத் தான் உடைக்கலாம்னு மாத்திடலாமான்னு கேட்டேன். ஒருத்தர் ஆஸ்பத்திரில படுத்துட்டா என்ன செய்யன்னு அம்மா கேட்டாங்க. சரியான கேள்வி. விட்டுட்டோம்.

யூபிஐ பின் நம்ம காச அனுப்பத் தான், இல்ல பேலன்ஸ் பாக்க. பணம் வர்றதுக்கு பின் எப்பவுமே வேண்டாம். இத அம்மா ஃப்ரிட்ஜ் கதவுல எழுதி ஒட்டிட்டாங்க. (ஆமா, அதே பழைய ஃப்ரிட்ஜ் தான். இன்னும் வீட்டுல தான் இருக்கு :-)) அப்பாவ ஏமாத்தின மாதிரி தனி ஆள் தனி ஆளுக்கு ரிக்வெஸ்ட் அனுப்பிப் பணம் கேக்கறத என்பிசிஐ 2025 அக்டோபர் 1ல இருந்து நிறுத்திருச்சு. அதுக்காக அவங்க தொழில விட்டுருவாங்களா? க்யூஆர் அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொல்றது, தப்பா உங்களுக்குப் பணம் போட்டுட்டேன்னு அழறது எல்லாம் இருக்கு.

டிஜிட்டல் அரெஸ்ட்னு நம்ம சட்டத்துல ஒண்ணு கிடையவே கிடையாது. எந்த போலீஸும் வீடியோ கால்ல கைது பண்ண முடியாது. 2024 அக்டோபர் 27ல பிரதமரே மனதின் குரல்ல இதப் பத்திப் பேசினார். அப்பா அதக் கேட்டிருக்கார்! "கேட்டேம்மா. ஆனா அந்த நேரத்துல ஞாபகம் வரல. என் பேரு, ஆதார் நம்பர் எல்லாம் சரியாச் சொன்னான்லா." பயம் வந்துட்டா படிச்சதெல்லாம் பறந்துரும் போல. பணம் போயிட்டா அடுத்த நிமிஷம் 1930க்குக் கூப்பிடணும். எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ, போன பணம் கைமாறறதுக்குள்ள நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. பணம் போகல, வெறும் மிரட்டல் தான்னா சஞ்சார் சாத்தில 'சக்ஷு'ன்னு ஒரு பகுதி இருக்கு, அதுல அந்த நம்பரப் புகார் பண்ணலாம். பண்ணினோம். அதே சஞ்சார் சாத்தில நம்ம பேர்ல எத்தன சிம் இருக்குன்னும் பாக்கலாம். அப்பா பேர்ல நாலு இருந்தது. ஒண்ணு என் தம்பி காலேஜ்ல வச்சிருந்தது, ஒண்ணு யாரோடதுன்னே தெரியல. 'என் நம்பர் இல்லை'ன்னு குறிச்சு அனுப்பிட்டோம்.

வாட்ஸப் வீடியோ கால்ல ஸ்க்ரீன் ஷேர் பண்ற வசதி 2023ல வந்தது. புனேல இருந்து அப்பா போன் திரையப் பாத்துக்கிட்டே வழி சொல்ல அது மாதிரி வசதி இல்ல. ஆனா திருடனும் அதத்தான் கேப்பான். ஷேர் ஆகிட்டு இருக்கும்போது வர்ற ஓடிபி அவனுக்கும் தெரியும். அதனால, அப்பாவா என்னக் கூப்பிட்டா மட்டும் ஷேர். நானே கூப்பிட்டுக் கேட்டாலும், கட் பண்ணிட்டு அவர் திரும்ப என் நம்பருக்கு அடிக்கணும். இப்பல்லாம் குரலக் கூட கம்ப்யூட்டர் அப்படியே பேசுதே.

குரல்னதும் அப்பா தான் சொன்னார். "அப்ப ஒரு வார்த்தை வச்சுக்கிடுவோம். பழைய ரிங் மாதிரி." ஆக்சிடென்ட், ஆஸ்பத்திரி, பணம் அனுப்புங்கன்னு என் குரல்ல யார் கூப்பிட்டாலும், அந்த வார்த்தையக் கேக்கணும். நானும் அவரக் கேக்கணும். என்ன வார்த்தைன்னு இங்க எழுதமாட்டேன், ஆனா அதுக்கு அவர் சங்க இலக்கியம் வரைக்கும் போய்த் தேடினார். கடைசில அம்மா தான் சொன்னாங்க, நாங்க முன்னாடி வளர்த்த ஆட்டோட பேரு.

கிளம்பற அன்னிக்கு நோட்டோட முதல் பக்கத்துல ஒரு வரி எழுதச் சொன்னேன். 'எந்நேரமும் மகளைக் கேட்கலாம். மகள் சத்தம் போடமாட்டாள்.' அவர் எழுதிட்டு, கீழ என்னக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். தேதியும் போடச் சொன்னார்.

அதுல இருந்து ஒரு நாளைக்கு மூணு கால் வருது. மீட்டிங்ல இருந்தா, "அப்பா, பத்து நிமிஷம்"னு செய்தி போட்டுட்டு கண்டிப்பாக் கூப்பிடறேன். சில நாள் பல்லக் கடிக்க வேண்டியிருக்கு, பொய் சொல்லல. பவர் பேங்க்னா எந்த பேங்க்னு கேட்டார் ஒரு நாள்.

போன வாரம் ராத்திரி எட்டே முக்காலுக்குக் கூப்பிட்டார்.

"யம்மா, ஒரு சந்தேகம். கரண்ட் பில் கட்டலயாம், இன்னிக்கு ஒன்பதரைக்கு ஃபீஸப் புடுங்கிருவானாம். எஸ்எம்எஸ் வந்திருக்கு. இந்த நம்பருக்குப் பேசுன்னு போட்டிருக்கான்."

"பில் கட்டியாச்சாப்பா?"

"போன வாரமே கட்டியாச்சு. ரசீது இருக்கு. பத்து இலக்கத்துல யாரோ சொந்த நம்பர்ல இருந்துல்லா அனுப்பிருக்கான். ஏமாத்துப் பயதான்."

"அப்புறம் என்னப்பா சந்தேகம்?"

"சந்தேகம்லாம் ஒண்ணும் இல்ல. சொல்லணும்னு தோணிச்சு."

ஒன்பதரைக்குக் கரண்ட் போகல. பத்து மணிக்குப் போச்சு. எங்க ஊர்ல மழை தூறினாப் போற வழக்கமான கரண்ட் தான். அதையும் கூப்பிட்டுச் சொன்னார்.